"74 டின் மட்டும் பெற்றுக்கொண்டேன்": சத்துவாச்சாரி மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீல் பெயரைப் போடப்போவதில்லை. நான் போடத் தயார். அவர்தான் வேண்டாம் என்றார். வக்கீல் விளம்பரம் தேடக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறதாம். "நீங்க மனசாரப் புகழ்ந்து எழுதினாலும், நான்தான் எழுதச் சொன்னேன்னு எவனாவது கிளப்பி விடுவான்மா." அதனால் அடையாளம் இவ்வளவுதான்: சத்துவாச்சாரி, கோர்ட்டுக்குப் போகிற வழி, முதல் மாடி, கீழே ஜெராக்ஸ் கடை. வேலூர்க்காரர்கள் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் எழுதுகிறேன்.

எனக்குப் பேரணாம்பட்டில் ஷூ மெட்டீரியல் கடை. சொல்யூஷன் (ஷூ ஒட்டுகிற பசை), லைனிங், நூல், ஐலெட், இன்சோல் அட்டை எல்லாம் வைத்திருக்கிறோம். ஆம்பூர் பக்கமும் எங்கள் ஊரிலும் ஷெட் போட்டு ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற சின்ன யூனிட்டுகள்தான் என் வாடிக்கை. வீட்டுக்காரர் ஆரம்பித்த கடை. அவருக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து ஒன்பது வருஷமாக நான் பார்க்கிறேன். இந்த ஒன்பது வருஷத்தில் என் சரக்கை யாரும் பிடித்ததில்லை, 2025 மே மாசம் வரைக்கும்.

பெங்களூரிலிருந்து 80 டின் சொல்யூஷன் வந்துகொண்டிருந்தது. டின்னுக்கு 15 கிலோ, விலை 3,250. ஆக 2,60,000. அதற்கு 18 சதவீதம் ஐஜிஎஸ்டி (வெளிமாநிலச் சரக்குக்கான ஜிஎஸ்டி) 46,800, அதையும் பில்லில் போட்டு நான் கட்டியாகிவிட்டது. பில் இருக்கிறது, சரக்கு போகும்போது வண்டியில் இருக்க வேண்டிய ஈ-வே பில்லும் இருக்கிறது. பிக்கப் வண்டி நம்பர் 4917. பெங்களூர்க் கடையில் டைப் அடித்த பையன் ஈ-வே பில்லில் 4971 என்று போட்டுவிட்டான். வியாழக்கிழமை சாயந்திரம் வாணியம்பாடி தாண்டி நெடுஞ்சாலையில் ஜிஎஸ்டி ஸ்குவாட் நிறுத்தியது. டிரைவர் தம்பி போன் பண்ணினான்: "அக்கா, நம்பர் மாறிப் போச்சாம்கா. வண்டிய இட்டுகினு ஆபீஸ் வரச் சொல்றாங்கோ."

வெள்ளிக்கிழமை சரக்கை எண்ணி எம்ஓவி-04 என்ற சோதனை அறிக்கை போட்டார்கள், பிறகு பிடித்து வைத்ததாக எம்ஓவி-06 படிவம். வண்டி, ஆபீஸ் பக்கத்துக் காலி மனையில் நின்றது. நிழல் கிடையாது. மே மாசத்து வேலூர் வெயில் எப்படி என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். சொல்யூஷன் டின்னில் என்ன எழுதியிருக்கும் என்றால், குளிர்ந்த இடத்தில் வைக்கவும், தீயிலிருந்து தள்ளி வைக்கவும்.

என் தப்பு இங்கேதான். நான் முதலில் போனது எனக்குக் கணக்கு எழுதுகிற ஆபீசுக்கு. அங்கே இருந்தவர் கால்குலேட்டரைத் தட்டி, "200 பர்சென்ட் பெனால்டி, 93,600. கட்டிடுங்க மேடம், நாளைக்கே சரக்கு வந்துடும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார். கட்டிவிட்டு அப்புறம் கேஸ் போடலாமா என்று கேட்டேன். போடலாம், போடலாம் என்று சொல்லிக்கொண்டே வேறு ஃபைலைத் திறந்துவிட்டார். யோசித்துக்கொண்டே சனி, ஞாயிறு இரண்டு நாள் போனது.

ஆம்பூரில் லைனிங் வியாபாரம் பண்ணும் பாய் ஒருத்தர் சொல்லித்தான் திங்கட்கிழமை சத்துவாச்சாரி மாடி ஏறினேன். குடியாத்தம் வழியாகப் பஸ் பிடித்து வந்து இறங்கும்போதே தலைவலி. வக்கீலுக்கு அறுபது தாண்டியிருக்கும். நான் சொன்னதை எல்லாம் கேட்காமல், முதலில் பேப்பரை வாங்கி வரிசையாக அடுக்கினார். பில், ஈ-வே பில், ஆர்சி, எம்ஓவி-04, எம்ஓவி-06. பிறகு கேட்டது ஒரே கேள்வி: "பணம் கட்டிட்டீங்களா?"

இல்லை என்றேன். "நல்லது. இப்ப பேசலாம்."

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். போகிற வழியில் பிடித்த சரக்குக்கு ஜிஎஸ்டி சட்டத்தில் 129-ஆவது பிரிவு. பிடித்த ஏழு நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்கணும், நோட்டீஸ் கொடுத்த ஏழு நாளுக்குள் ஆர்டர் போடணும். சரக்கின் சொந்தக்காரர் முன்வந்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். யாருமே வரவில்லை என்றால் சரக்கு மதிப்பில் பாதி, அல்லது அந்த இரண்டு மடங்கு, எது அதிகமோ அது. சொந்தக்காரர் யார் என்ற சண்டைக்கும் 2018 டிசம்பர் 31 சுற்றறிக்கையிலேயே பதில் உண்டு: பில் கூடவே இருந்தால் அனுப்பினவரோ வாங்குகிறவரோ சொந்தக்காரர்தான். ஆகவே பெங்களூர்க்காரர் வரணும் என்று யாராவது அலைக்கழித்தால் நம்ப வேண்டாம். ஆர்டர் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால் சரக்கை விற்கலாம். கெட்டுப்போகிற சரக்கு, ஆபத்தான சரக்கு என்றால் அந்த 15 நாளையும் குறைக்கலாம். "உங்களுது தீப்பிடிக்கிற சரக்கும்மா. அதனால இங்க நாளை எண்ணித்தான் வேலை பார்க்கணும்."

பணம் கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதே பிரிவில் ஒரு வரியைக் காட்டினார்: கட்டிவிட்டால் அந்த நடவடிக்கை முடிந்ததாகக் கருதப்படும். பல ஆபீஸ்களில் இதைச் சொல்லி ஆர்டரே போடாமல் அனுப்பிவிடுவார்களாம். ஆர்டர் இல்லை என்றால் எதை எதிர்த்து அப்பீல் போவது? (இரண்டு மாசம் கழித்து, 2025 ஜூலையில், உச்ச நீதிமன்றம் இதற்கு வழி பண்ணிவிட்டது. கர்நாடகத்திலிருந்து டெல்லிக்குப் போன பாக்கு லோடை உத்தரப் பிரதேசத்தில் பிடித்த வழக்கு. பணம் கட்டியிருந்தாலும் காரணம் எழுதி ஆர்டர் போட்டே ஆகணும் என்று தீர்ப்பு. அன்றைக்கு அவரே எனக்குப் போன் பண்ணிச் சொன்னார், தன் கேஸ் ஜெயித்த மாதிரி.)

நம்பர் தப்புக்கு அவர் எடுத்தது இன்னொரு சுற்றறிக்கை, 2018 செப்டம்பர் 14 தேதியிட்டது. பெயரில் எழுத்துப் பிழை, பின்கோடு தப்பு, வண்டி நம்பரில் ஒன்று இரண்டு எழுத்தோ எண்ணோ தப்பு, இப்படிப்பட்டதற்கெல்லாம் 129-ஐ எடுக்கவே கூடாது; ஐஜிஎஸ்டி என்றால் 1,000 ரூபாய் அபராதம், அவ்வளவுதான். 17-ஐ 71 என்று அடித்தது எத்தனை எண் தப்பு? இரண்டு. 93,600 எங்கே, 1,000 எங்கே. இதைக் கணக்கு ஆபீசில் ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

"அப்ப அவங்க விட்டுடுவாங்களா சார்?"

"விட மாட்டாங்க. பிடிச்ச அதிகாரி தானே இறங்கி வர்றது ரொம்ப அபூர்வம். அதனால ரெண்டு வேலை. சரக்கை முதல்ல வெளிய எடுக்கணும், கேஸை அப்புறம் நிதானமா நடத்தணும். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பினா சரக்கு உள்ளேயே செத்துப்போயிடும்."

அதற்கு வழி, பாண்டும் வங்கி உத்தரவாதமும். பணமாகக் கட்டாமல் அந்த 93,600-க்கு பேங்க் கேரண்டி கொடுத்து, எம்ஓவி-08 பாண்டு எழுதிக் கொடுத்தால் சரக்கை விடணும். பேங்கில் முழுத் தொகைக்கும் எஃப்டி போடச் சொன்னார்கள், போட்டேன். என் பெண்ணின் காலேஜ் ஃபீசுக்கு வைத்திருந்தது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வக்கீல் ஒன்று சொன்னார், அதை மறக்க மாட்டேன். "நம்ம வேலூர்க் கோட்டைக் கோயில் ஜலகண்டேஸ்வரர் இதே சத்துவாச்சாரியிலதான் ரொம்ப காலம் இருந்தார், தெரியும்ல? 1981-ல அவரே திரும்பிக் கோட்டைக்குப் போயிட்டார். உங்க 80 டின் வராதா?"

ஜூனியர் பையன் சிரித்தான். நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை.

அந்த பெஞ்சில் காத்திருந்த நேரத்தில் நிறைய கேட்டேன், நிறைய தெரிந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்தவருக்குக் குடோனிலேயே சரக்கைப் பிடித்துவிட்டார்கள். அது 67-ஆவது பிரிவாம், கணக்கே வேறு: ஆறு மாசத்துக்குள் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்றால் சரக்கைத் திருப்பித் தரணும், காரணம் காட்டி இன்னொரு ஆறு மாசம் நீட்டிக்கலாம். சுங்கத் துறை பிடித்தாலும் ஏறக்குறைய அதே ஆறு மாசக் கணக்கு. ஒரு அம்மா வருமான வரி ரெய்டில் நகை எவ்வளவு விட்டுவைப்பார்கள் என்று கேட்டார். கல்யாணமான பெண்ணுக்கு 500 கிராம், ஆகாதவளுக்கு 250, ஆணுக்கு 100 வரை எடுக்கக் கூடாது என்று 1994-லேயே உத்தரவு இருக்கிறதாம். நானும் மனசுக்குள் என் பவுனை எண்ணிப் பார்த்தேன். கணக்கு பார்க்கிற அளவுக்கு இல்லை.

வியாழக்கிழமை, ஏழாவது நாள், நோட்டீஸ் வந்தது. வெள்ளி கேரண்டி, பாண்டு கொடுத்தோம். திங்கட்கிழமைதான் விடுவிப்பு. மொத்தம் பதினோரு நாள்.

அன்றைக்கு வக்கீல் வரவில்லை, ஜூனியரை அனுப்பினார். ஆனால் காலையிலேயே என்னிடம் போனில் மூன்று விஷயம் சொல்லிவிட்டார். எண்ணாமல் கையெழுத்துப் போடாதீங்க. ஒவ்வொரு டின் மூடியையும் அங்கேயே திறங்க. போட்டோ எடுங்க.

வண்டிகிட்டே போனதும் டிரைவர் தம்பி தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துப் பார்த்தான். உடனே அவிழ்க்கவில்லை. "அக்கா, இது என் முடிச்சு இல்ல" என்றான். எனக்குக் கயிறு கயிறாகத்தான் தெரிந்தது. அவன் எப்போதும் ஒரே இழுப்பில் அவிழ்கிற கண்ணி முடிச்சுதான் போடுவானாம். இது மூணு சுத்து சுத்தி இறுக்கிக் கட்டினது. ஜூனியர் அந்த முடிச்சை முதலில் போட்டோ எடுத்தான். அது அவன் சமயோசிதம், பாராட்டணும்.

எண்ணினோம். 74. மறுபடி எண்ணினோம். 74. எம்ஓவி-04-ல் அவர்களே 80 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு ஸ்க்ரூடிரைவர் வைத்து மூடிகளை நெம்பினோம். நல்ல சொல்யூஷன் என்றால் குச்சியை விட்டு எடுத்தால் தேன் மாதிரி ஒழுகும், கடைசியில் மெல்லிய நூல் விட்டு அறுபடும். முதல் சில டின் அப்படித்தான் இருந்தது. மேல் அடுக்கு, வெயில் நேராக அடித்த பக்கத்து டின்களில் மூடி பிதுங்கியிருந்தது. திறந்ததும் புஸ் என்று வாசனை. உள்ளே குச்சியை விட்டால் குச்சி நின்றது. ஆறிப்போன கேழ்வரகுக் களி மாதிரி. விரலால் அமுக்கினால் ஜவ்வாகத் திரும்பி வருகிறது. அப்படி 19 டின். அதை எந்த யூனிட்டிலும் வாங்க மாட்டார்கள். தின்னர் ஊற்றிக் கரைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அது மூன்றே மாசத்தில் ஷூ வாய் பிளந்து நம் பேரைக் கெடுக்கும்.

ஆபீசில் இருந்தவர் அச்சடித்த ரசீதை நீட்டினார். சரக்கு முழுவதும் நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது என்று இருந்தது. "சைன் பண்ணுங்கம்மா, லஞ்ச் டைம்." நான் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தமிழில் எழுதினேன்: 74 டின் மட்டும் பெற்றுக்கொண்டேன், அதில் 19 டின் இறுகிக் கெட்டுப்போயுள்ளது. தேதி, நேரம், கையெழுத்து. அவர் முகம் மாறியது. அப்படியெல்லாம் எழுதக் கூடாது என்றார். ஜூனியர் பையன் எழுந்து நின்று, மிக மரியாதையாக, "எழுதக் கூடாதுன்னு நீங்க எழுதிக் குடுத்துடுங்க சார்" என்றான். வாங்கிக்கொண்டார்.

நான் இந்த ஆபீசுக்குக் கொடுத்த மொத்த ஃபீசும் அந்த ஒரு வரிக்கே தகும்.

கேஸ் எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்பார்த்தபடியே ஆர்டர் எங்களுக்கு எதிராக வந்தது. அப்பீல் போட அபராதத்தில் 25 சதவீதம், 23,400 முன்கூட்டிக் கட்டினேன். (2025 அக்டோபரிலிருந்து அது 10 சதவீதம் ஆகிவிட்டது. என் நேரம்.) அப்பீலில் வக்கீல் செப்டம்பர் சுற்றறிக்கையோடு தெலங்கானா பேப்பர் வழக்கையும் வைத்தார். 2020 ஜனவரியில் அங்கே ஒரு வண்டி ஊர்வலத்தில் மாட்டி, ஈ-வே பில் தேதி முடிந்துபோனது. அதிகாரி சரக்கைப் பிடித்துத் தன் சொந்தக்காரர் வீட்டில் இறக்கி வைத்தார், 69,000 வசூலித்தார். உயர் நீதிமன்றம் பணத்தைத் திருப்பச் சொல்லி 10,000 செலவுத் தொகையும் போட்டது. அரசாங்கம் சும்மா இருக்காமல் உச்ச நீதிமன்றம் போனது. 2022 ஜனவரியில் அங்கே இன்னும் 59,000 சேர்த்துப் போட்டார்கள். நவம்பரில் என் அபராதத்தை நீக்கி 1,000 மட்டும் போட்டு ஆர்டர் வந்தது. கேரண்டி திரும்பிவிட்டது, முன்பணமும் ஜனவரியில் வந்தது.

வராதது ஆறு டின்னும், கெட்டுப்போன 19 டின்னுக்கான பணமும். 19,500-ம் 61,750-ம் சேர்த்து 81,250.

இதில்தான் அவர் நேர்மை எனக்குப் பிடித்தது. கண்டிப்பா வாங்கிடலாம் என்று சொல்லவில்லை. மூன்று பழைய வழக்கைச் சொன்னார். 1947-ல் மீரட்டில் போலீஸ் ஒரு வியாபாரியிடம் தங்கமும் வெள்ளியும் பிடித்தது. வெள்ளி திரும்பக் கிடைத்தது. தங்கத்தை எடுத்துக்கொண்டு ஹெட் கான்ஸ்டபிள் பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். அரசாங்கம் பொறுப்பில்லை என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே 1947-ல் ஜூனாகத்தில் சுங்கத்துறை பிடித்த இரண்டு லாரி, ஒரு ஸ்டேஷன் வேகன். மேல்முறையீடு நடக்கும்போதே விற்றுவிட்டார்கள். அதில் 1967-ல், பிடித்து வைத்திருக்கிறவருக்கு, நம்பி ஒப்படைத்த பொருளை வைத்திருக்கிறவரைப் போலப் பத்திரமாகக் காப்பாற்றுகிற கடமை உண்டு என்று தீர்ப்பு. மூன்றாவது ஆந்திராவில் பிடித்து வைத்தே கெட்டுப்போன உரம். 1975-ல் பிடித்ததுக்கு 1994-ல் நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பு. "உங்க சொல்யூஷனுக்கு அண்ணன் அந்த உரம்தான். ஆனா வருஷத்தைப் பார்த்துக்குங்க, பத்தொன்பது. அதோட, நல்லெண்ணத்துல செஞ்சதுக்கு அதிகாரி மேல கேஸ் வராதுன்னு ஜிஎஸ்டி சட்டத்துலயே 157-ஆவது பிரிவு இருக்கு. ஆறு டின் காணாமப் போனது நல்லெண்ணமான்னு கேட்போம்."

சென்னை போய் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் செலவே இந்தத் தொகையைத் தாண்டும் என்று அவரே தடுத்துவிட்டார். அரசாங்கத்தின் மேல் சிவில் வழக்குப் போடும் முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவு நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாசம் காத்திருக்கணும். கொடுத்தாயிற்று.

இப்போது குறைகள். காலை பத்தரைக்கு மேல் சாயந்திரம் வரை போன் எடுக்கவே மாட்டார், கோர்ட்டாம். வண்டியை நிழலுக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள் என்று நான் திங்கட்கிழமையே கேட்டேன். புதன்கிழமைதான் போனது. அந்த இரண்டு நாள் வெயிலில் எத்தனை டின் இறுகியது என்று யாருக்குத் தெரியும்? கேட்டதற்கு, "ஆமாம்மா, அது என் தப்பு" என்றார். சமாளிக்கவில்லை, ஆனாலும் ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் குறைத்தேன்.

இன்னொன்று, அப்பீல் மனுவைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்றாம் பக்கத்தில் என் வண்டியின் சரியான நம்பர் 4971 என்று ஜூனியர் டைப் அடித்திருந்தான். நான் விரலை வைத்துக் காட்டினேன். வக்கீல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பாவம், அதற்கும் கீழே போய் மறுபடி ஜெராக்ஸ்.

ஃபீஸ் விஷயத்தில் ஒளிவு மறைவு இல்லை. சரக்கை வெளியே எடுக்க 15,000, அப்பீலுக்கு 20,000, இரண்டுக்கும் ரசீது. அதில் ஒரு வேடிக்கை. வக்கீல் ஃபீசுக்கு ஜிஎஸ்டியை வக்கீல் கட்ட மாட்டார், என்னை மாதிரி ரிஜிஸ்ட்ரேஷன் உள்ள வியாபாரிதான் ரிவர்ஸ் சார்ஜில் 18 சதவீதம் கட்டணும். ஜிஎஸ்டி ஆபீசோடு சண்டை போட்ட செலவுக்கு அதே ஜிஎஸ்டிக்கு 6,300 கட்டினேன். கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல்.

இறுகிப்போன 19 டின்னையும் தூக்கிப் போடக் கூடாது, சாட்சி என்று சொல்லிவிட்டார். நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி என் கடை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறேன். பழைய பேப்பர்க்காரர் மாசத்துக்கு ஒரு தடவை வந்து, "டின்னாவது குடுக்கறதுதானேம்மா" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

போகிறவர்கள் சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போங்கள். எம்ஓவி பேப்பர் எல்லாவற்றுக்கும் இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு போங்கள், கீழே ஜெராக்ஸ் கடை எட்டுக்கு மூடிவிடும். மாடிப்படியில் லைட் இல்லை, போன் டார்ச் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.